ஆறு ஆடும் ஒரு கொட்டகையும்

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் காயில்காரர் ஒரு முடிவெடுத்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் மனைவியைக் கேட்காமல் அவர் எடுத்த முதல் முடிவு அது. பழக்கமில்லாத வேலை பாருங்கள், எடுத்ததும் வீட்டு வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். கையில் ஒரு கடிதம் இருந்தது.

காலை டீக்கு வீட்டுக்குள் போகும்போது வாசல் மேஜையில் அவர் கண்ணில் படுகிற மாதிரி கிடந்த கடிதம் அது. நகரத் திட்ட அலுவலகம் என்று உறையில் அச்சடித்திருந்தது. பசை ஒட்டிய இடத்தில் கொஞ்சம் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. அவர் மனைவி கடைகளுக்குத் தலையணை தைத்துக் கொடுக்கிறவள். அந்த வீட்டில் பஞ்சு ஒட்டாதது எதுவும் கிடையாது. அவர் டீயில் மிதக்கும், மூக்குக் கண்ணாடியில் தொங்கும், சில நாள் தும்மினால் வெளியே வரும்.

கடிதம் மூன்றே வரி. "தங்கள் இடத்தில் உள்ள கொட்டகையை வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் அலுவலர் நேரில் பார்வையிடுவார். பதிவில் இல்லாத பயன்பாடு காணப்பட்டால் கட்டடம் அகற்றப்படும். உரிமையாளர் தவறாமல் இருக்கவும்."

'அகற்றப்படும்' என்பதை நாலு தடவை படித்தார். நாலாவது தடவையும் அது 'அகற்றப்படும்' என்றே இருந்தது.

அந்தக் கொட்டகைதான் அவருக்கு எல்லாமே. எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். காயில் கட்டுவது என்பார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எங்கே மோட்டார் புகைந்தாலும் இவரிடம்தான் வரும். தகரக் கூரை, ஒரு நீள மேஜை, முப்பது வருஷத்துப் பழைய இரும்பு, ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் காற்று நேரே முகத்தில் அடிக்கும். அந்த நாற்காலியில் அவர் ராஜா. பத்தடி நடந்து வீட்டுக்குள் போய்விட்டால் சாதாரணப் பிரஜை. வரி கட்டுகிற பிரஜை.

இதில் நகரம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அவரும் அதைத்தான் கேட்டார். நகர எல்லை வாய்க்கால் பாலத்தோடு முடிகிறது. பாலத்திலிருந்து இவர் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர். நடுவில் சோளக்காடும் மேய்ச்சல் நிலமும்தான். நகரத்துக் குழாய்த் தண்ணீர் இந்தப் பக்கம் வராது. நகரத்துக் குப்பை வண்டி வராது, நகரத்துக் குப்பை மட்டும் வரும். நகரசபைக்கு ஓட்டுப் போட இவர்களுக்கு உரிமை கிடையாது. ஆனால் எல்லைக்கு வெளியே ஐந்து கிலோமீட்டர் வரைக்கும் யார் என்ன கட்டலாம், எந்த இடத்தில் எந்தத் தொழில் நடக்கலாம் என்று சொல்கிற அதிகாரம் மட்டும் நகரத்துக்கு உண்டாம்! மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வரைபடம் போட்டார்கள். அதில் இவர் தெருவுக்குப் பச்சை அடித்தார்கள். பச்சை என்றால் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், ஆடு மாடு வளர்க்கலாம். காயில் கட்டக்கூடாது. பக்கத்து ஊர்க்காரன் வந்து உங்கள் வீட்டு அடுப்பில் என்ன வேகலாம் என்று சொன்னால் சும்மா இருப்பீர்களா? அவனிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய இயந்திரம் இருந்தால் நீங்களும் சும்மாதான் இருப்பீர்கள்.

அந்த இயந்திரத்தைக் காயில்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். போன மாதம் குளத்துக்கு அந்தப் பக்கம் வெல்டரின் பட்டறைக்கு வந்தது. வெல்டர் ஒரு டம்ளர் டீயோடு வெளியே வந்து, "என்ன சார்?" என்று கேட்டார். டீ ஆறுவதற்குள் பட்டறை இல்லை. சுவர் முதலில் வளைந்தது, அப்புறம் கூரை ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. வெல்டர் டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. இப்போதும் குளத்தங்கரையில் கையில் டம்ளரோடுதான் உட்கார்ந்திருக்கிறார். காலி டம்ளர்.

வெல்டர் பட்டறை போனதற்குக் காரணம், அவர் பதிவு செய்யவில்லை. வரைபடம் வந்தபோதே அலுவலகம் ஒரு சலுகை கொடுத்தது. ஏற்கனவே தொழில் நடக்கிற இடமென்றால் தொண்ணூறு நாளுக்குள் ஒரு படிவம் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தவர்கள் அதே இடத்தில், அதே அளவில், அதே தொழிலைத் தொடரலாம். கொடுக்காதவர்களுக்கு மஞ்சள் இயந்திரம்.

காயில்காரர் கொடுக்கவில்லை.

கொடுக்கத்தான் போனார். மனைவிதான் படிவம் வாங்கி வந்து, "இன்னைக்கே போய்க் குடுத்துட்டு வாங்க" என்று அனுப்பினாள். அவரும் அடியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அலுவலகத்து வாசலில் நீள வரிசை. அவருக்கு முன்னால் நின்றிருந்த ஆள் ஜன்னலுக்குப் போய்விட்டு அழுதுகொண்டே திரும்பி வந்தார். காவல்காரர் இவரைப் பார்த்து, "அடுத்து யாரு?" என்றார். கேட்ட விதம் சரியில்லை. காயில்காரர் அப்படியே திரும்பி நடந்து, ஒரு பூங்காவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"குடுத்தாச்சா?" என்றாள் மனைவி.

"குடுத்தாச்சு."

"எல்லாக் கட்டத்தையும் நிரப்பினீங்களா?"

"ஒண்ணு விடாம நானே எழுதினேன். அதிகாரி படிச்சுப் பார்த்து அசந்துட்டார். உட்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தார்."

அந்த டீயைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு இதுதான் தொல்லை, நிறுத்தத் தெரியாது. கையெழுத்து மட்டும் இருந்த அந்தப் படிவத்தைக் கொட்டகை மூலையில் கிடந்த ஒரு பழைய மோட்டார் கூட்டுக்குள் திணித்து, மூடியைத் திருகி வைத்தார். மூன்று வருஷம் அந்த மூலைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது நகரமும் வருகிறது, பொய்யும் வெளியே வரப்போகிறது. எது முதலில் வந்தாலும் பிழைக்க முடியாது. நகரம் இடித்தால் கொட்டகை போகும். மனைவிக்குத் தெரிந்தால் என்ன போகும் என்று யோசிக்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே முடிவெடுத்தார். பச்சையில் ஆடு வளர்க்கலாம் அல்லவா? வியாழக்கிழமை பத்து மணிக்குள் அது ஆட்டுக்கொட்டகை ஆகிவிட வேண்டும். மனைவிக்குத் தெரியாமல் ஆக வேண்டும்.

அடுத்த வீடு ஆட்டுக்காரருடையது. வேலி ஓரமாகப் போய்ச் சத்தமில்லாமல் கூப்பிட்டார்.

"ஒரு ஆறு ஆடு வேணும். ஒரு மணி நேரத்துக்கு."

"ஒரு மணி நேரத்துக்கு ஆட்டை வெச்சு என்னண்ணே பண்ணுவீங்க?"

"சும்மா பக்கத்துல நிறுத்தி வெச்சுக்கணும்."

ஆட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணே, வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"வீட்ல சொல்லிடாதே! அதான் முக்கியம்."

"என் மோட்டார் ரெண்டு வாரமா உங்ககிட்ட கிடக்கு. சனிக்கிழமைக்குள்ள கட்டிக் குடுத்துடுங்க. ஆறு என்ன, ஏழாவதா அந்தக் கிடாவையும் தரேன்."

"கிடா முட்டுமா?"

"பிடிக்காதவங்களை மட்டும்தான் முட்டும்."

ஆறு போதும் என்றார் காயில்காரர். ஆட்டுக்காரர் எண்ணும்போது கிடாவையும் சேர்த்துத்தான் ஆறு என்று எண்ணினார். அது இவருக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கொட்டகையைக் காலி செய்யத் தொடங்கினார். பன்னிரண்டு வருஷமாக மனைவி, "அந்தக் குப்பையை எடுத்துப் போட்டுட்டு எனக்குப் பாதி இடம் குடுங்க, படுக்கையறைல தலையணை தைச்சா மனுஷன் எங்க படுக்கறது?" என்று கேட்டு வருகிறாள். ஒரு ஜாண் கூடத் தர முடியாது என்று இவர் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறார். அவர் ஜெயித்துக்கொண்டிருந்த ஒரே விவகாரம் அது. ஊரில் மற்ற ஆண்கள் தலையணை மந்திரத்துக்கு மயங்குவார்கள். இவர் வீட்டில் நானூறு தலையணை இருந்தும் அந்த மந்திரம் கொட்டகைக்குள் மட்டும் பலிக்கவில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம்.

அவரே இரும்பைச் சுமந்து வெளியே போடுவதைப் பார்த்து மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லையே."

கிட்டே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லை. அப்புறம் ஏன் சுத்தம் பண்றீங்க?"

"பூரான் வருது."

"நான் வந்த நாளா வருது."

"இப்ப பெருசா வருது."

"அய்யோ பாவம். எல்லாத்தையும் எடுத்துடுங்க, ஒண்ணு கூட மிச்சம் வெக்காதீங்க. பூரானுக்கு இரும்புன்னா உசுரு." அப்படிச் சொல்லிவிட்டு அவள் தெருப் பக்கம் கையசைத்தாள். பழைய இரும்பு எடுக்கிறவர் வண்டியோடு வாசலில் நின்றிருந்தார். "தற்செயலா வந்தார்" என்றாள்.

மூலையில் கிடந்த அந்த ஒரு மோட்டார் கூடு தவிர, முப்பது வருஷச் சேமிப்பு மூன்று நடையில் வண்டி ஏறியது. ஒவ்வொரு துண்டும் ஏறும்போது காயில்காரருக்கு நெஞ்சில் ஏறுகிற மாதிரி இருந்தது. நடுவில் தெருமுனையில் ஏதோ டீசல் வண்டி உறுமியது. அவ்வளவுதான், கையில் இருந்த மூடியைப் போட்டுவிட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டார். போனது தண்ணீர் லாரி.

"கீழ என்ன தேடறீங்க?" என்றாள் மனைவி.

"பூரான்" என்றார் அடியிலிருந்து.

புதன்கிழமை மனைவி தலையணை மூட்டையோடு கடைக்குக் கிளம்பினாள். "மூணு மணியாகும். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்றாள். அவள் பஸ் ஏறியதும் இவர் ஓடிப் போய் அந்த மூலை மோட்டார் கூட்டைத் திருகித் திறந்தார். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால் சாட்சியே இருக்காது.

உள்ளே படிவம் இல்லை. ஒரு உருண்டை பஞ்சு இருந்தது.

யார் எடுத்தார்கள்? எப்போது எடுத்தார்கள்? அலுவலகத்துக்கே போய்விட்டதா? மூடி திருகினது திருகினபடி இருக்கிறதே! பத்து நிமிஷம் அந்தப் பஞ்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில் எலி என்று தீர்மானித்தார். எலிதான் காகிதத்தைத் தின்றுவிட்டு, பஞ்சைக் கொண்டுவந்து மெத்தை போட்டிருக்கிறது. மூடியைத் திறந்து உள்ளே போன எலி, வெளியே வந்து திரும்பவும் எப்படித் திருகியது என்று அவர் யோசிக்கவில்லை. பயந்தவனுக்கு எலி போதும்.

அடுத்தது, கட்டி முடிக்காத மோட்டார்கள். ஐந்து இருந்தன. ஊரார் பொருள், தூக்கிப் போட முடியாது. எங்கே ஒளிப்பது? படுக்கையறையைப் பார்த்தார். சுவரோரம் கூரை வரைக்கும் தலையணை. ஆளுக்கு ஒரு உறையைப் போட்டு, ஐந்து மோட்டாரையும் தலையணைகளுக்கு நடுவில் அடுக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை. கிட்டே வந்தால் கிரீஸ் வாசனை வந்தது. தையல் மெஷினையும் ஓரமாக நகர்த்தி முன்னால் நிறுத்தினார்.

மனைவி மூன்று மணிக்கு வந்தாள். தலையணை மலையை ஒரு பார்வை பார்த்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"இடுப்புல ஏன் கை வெச்சிருக்கீங்க?"

"சும்மா. வசதியா இருக்கு."

"தலையணை வெச்சுப் படுத்தா சரியாப் போகும். ஒண்ணு எடுத்துத் தரட்டுமா?"

"வேண்டாம்!" என்று கத்திவிட்டார். அப்புறம் மெதுவாக, "எனக்குத் தலையணையே பிடிக்கலை" என்றார். தலையணை தைக்கிற பெண்டாட்டியிடம் சொல்கிற பேச்சா அது? அவள் காலி மூட்டையை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சண்டை போடாமல் போனதுதான் அவருக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை. ஒன்பதரைக்கு ஆடுகள் வந்தன. ஒரு ஆடு வந்த உடனே ஜன்னலடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கிடா இவரை ஒரு முறை பார்த்தது, பிடிக்கவில்லை என்று முடிவு செய்தது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே மஞ்சளாக ஏதாவது வருகிறதா என்று காயில்காரர் எட்டி எட்டிப் பார்த்தார். வரவில்லை. ஒருவேளை பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்திருப்பார்கள், போன் பண்ணினால் வரும் என்று நினைத்து, ஒரு ஆட்டை இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார்.

ஜீப்பிலிருந்து ஒரு அலுவலர் இறங்கினார். கையில் குடை, கக்கத்தில் கோப்பு, மூக்கில் சளி. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தார். அதெல்லாம் காயில்காரர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இதுதானே உங்க கொட்டகை?"

"ஆமா சார். ஆட்டுக்கொட்டகை சார்."

"ஆட்டுக்கொட்டகையா?" கோப்பைப் பார்த்தார். "எத்தனை வருஷமா?"

"பரம்பரையா சார்."

"ஆட்டுக்கொட்டகைக்கு எதுக்கு மும்முனை மின்சாரம்?"

"இருட்டுன்னா பயப்படும் சார்."

"சுவரெல்லாம் கிரீஸா இருக்கே?"

"ஆடு சாய்ஞ்சு சாய்ஞ்சு படிஞ்ச அழுக்கு சார்."

"ஆறடி உயரத்திலயா?"

"எகிறும் சார்."

அலுவலர் தும்மினார். நேரம் பார்த்துக் கிடா பின்னாலிருந்து வந்து காயில்காரரை ஒரு முட்டு முட்டியது. விழாமல் சமாளித்துக்கொண்டு அதன் முதுகைத் தடவினார். "ரொம்பப் பாசம் சார். போன மாசம்தான் ரெண்டு குட்டி போட்டுச்சு."

"இது கிடா" என்றார் அலுவலர்.

"அதான் சார், எல்லாருக்கும் ஆச்சரியம்."

அலுவலர் குடையை மடக்கி மேஜை மேல் வைத்தார். "இங்க பாருங்க, நேரா கேக்கறேன். இங்க மோட்டாருக்குக் காயில் கட்டற வேலை நடக்குதா இல்லையா?"

"காயிலா? அப்படின்னா என்ன சார்?"

"நடக்கலை?"

"என் வம்சத்துலயே கிடையாது சார். மோட்டாரைத் தொட்டதே இல்லை. தொட்டா ஷாக் அடிக்குமாமே?"

அலுவலர் நீளமாக மூச்சு விட்டார். "எனக்கு வருத்தமா இருக்கு. உங்க கொட்டகை பதிவாகி மூணு வருஷமாச்சு. ஏற்கனவே தொழில் நடக்கற இடம்னு விலக்கு குடுத்திருக்கு. தொழில் இன்னும் நடக்குதான்னு பார்த்து முத்திரை போட்டுட்டுப் போகத்தான் வந்தேன். நீங்க தொழிலை விட்டுட்டீங்கன்னா பதிவு ரத்து. ஒரு தடவை ரத்தானா அப்புறம் இந்த இடத்துல யாரும் காயில் கட்ட முடியாது. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

கோப்பைத் திருப்பிக் காட்டினார். அதில் எலி தின்ற அந்தப் படிவம் இருந்தது. அடியில் காயில்காரரின் கையெழுத்து. மேலே எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.

காயில் சுற்றுகிறவருக்குத் தலை சுற்றியது. அலுவலர் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார். போட்டால் தொழில் போச்சு. அவருக்கு வேறு வேலை தெரியாது, ஐம்பது வயசுக்கு மேல் யார் கற்றுத் தரப்போகிறார்கள்? போடாவிட்டால் அரசாங்க ஆள் முகத்துக்கு நேரே அரை மணி நேரம் பொய் சொன்னவர் ஆகிறார். குளத்தங்கரையில் வெல்டருக்குப் பக்கத்தில் தானும் ஒரு காலி டம்ளரோடு உட்கார்ந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அழுகைதான் வரும் போலிருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, மனைவி வந்துவிட மாட்டாளா என்று மனசார வேண்டினார்.

வந்துவிட்டாள். கையில் டீ இருந்தது.

"வாங்க சார். ஜலதோஷமா? இஞ்சி போட்டிருக்கேன், குடிங்க. இவர் சொல்றதை எழுதிக்காதீங்க. ரெண்டு நாளா இடுப்பு வலி, அது தலைக்கு ஏறிடுச்சு. தலையணை கூடப் பிடிக்கலைங்கறார்."

"ஆடு வளர்க்கறதா சொல்றாரும்மா."

"பக்கத்து வீட்டு ஆடு சார். நீங்க வர்றீங்கன்னு கொட்டகையைக் காலி பண்ணி அலம்பி விட்டோம், காலியா இருக்கவும் உள்ள வந்துடுச்சு. மோட்டாரெல்லாம் பத்திரமா உள்ள இருக்கு. வந்து பாருங்க."

படுக்கையறைக்குக் கூட்டிப்போனாள். தையல் மெஷினை நகர்த்தினாள். நானூறு தலையணைக்கு நடுவில் தேடாமல் தடுமாறாமல் ஐந்தை மட்டும் தொட்டு, உறையைக் கழற்றிக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார், பாதி சுற்றின செம்புக் கம்பி பளபளத்தது.

"நல்ல வேலைப்பாடு" என்றார் அலுவலர்.

காயில்காரர் பழக்கதோஷத்தில், "அது ரெட்டைச் சுத்து சார்" என்றார். சொன்ன பிறகுதான் தன்னுடைய வம்சத்தில் யாரும் மோட்டாரைத் தொட்டதில்லை என்பது ஞாபகம் வந்தது.

அலுவலர் சிரித்துவிட்டார். "சரி, ஒரு தொழில் ஆச்சு. இன்னொண்ணு?"

"இன்னொண்ணா?" என்றார் காயில்காரர்.

"படிவத்துல ரெண்டு எழுதியிருக்கீங்களே." அலுவலர் படித்தார். "'கொட்டகையின் கிழக்குப் பாதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுதல். மேற்குப் பாதியில் என் மனைவி தலையணை தைத்தல்.' தலையணை வேலையும் அங்கதான் நடக்குதா?"

"தினமும் நடக்குது சார்" என்றாள் மனைவி.

இது அப்பட்டமான பொய் என்று காயில்காரருக்குத் தெரியும். இவள் பொய் சொல்லி நாம் மாட்டப்போகிறோமே என்று புதுப் பயம் ஒன்று கிளம்பியது. அதற்குள் ஆடுகளை ஓட்டிப்போக வந்த ஆட்டுக்காரர் படுக்கையறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஆமா சார். மூணு வருஷமா பார்க்கறேன். அண்ணன் மத்தியானம் மோட்டாரைப் பொருத்தத் தோட்டத்துக்குப் போவார். ரெண்டு மணிக்கு அக்கா கொட்டகைக்குள்ள போய் ஜன்னலடி நாற்காலில உட்கார்ந்து தைப்பாங்க. அஞ்சு மணிக்கு அண்ணன் சைக்கிள் மணி கேட்டதும் எழுந்து வந்துடுவாங்க."

காயில்காரருக்கு மூன்று வருஷம் கண் முன்னால் ஓடியது. நாற்காலி சாயங்காலமானால் வெதுவெதுப்பாக இருக்கும், வெயில் என்று நினைத்தார். மேஜையில் பஞ்சு பறக்கும், காற்று என்று நினைத்தார். தன் ராஜ்ஜியத்தில் பாதி நாள் வேறொருவர் ஆட்சி நடந்திருக்கிறது!

அலுவலர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதிக் குடுத்தது எல்லாம் உண்மைதானே? தப்பா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பொய்யா எழுதியிருந்தா மொத்தப் பதிவும் ரத்து. காயிலும் சேர்த்துத்தான்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கிடாவும் பார்த்தது.

"உண்மைதான் சார்" என்றார்.

அலுவலர் கொட்டகைக்குத் திரும்பிப்போய், நாற்காலியில் இருந்த ஆட்டைக் குடையால் இறக்கிவிட்டு, நாடாவைப் பிடித்து அளந்தார். தரை நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். "காயில் இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. தலையணையும் தாண்டக்கூடாது. ஒண்ணு ஒரு வருஷம் நின்னுபோனாலும் ரெண்டுக்கும் விலக்கு போயிடும். இனிமே வருஷா வருஷம் வந்து பார்ப்போம்." முத்திரையை ஊதி ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தத்துக்குக் காயில்காரர் ஒரு தடவை துள்ளி விழுந்தார். ஜீப் பாலத்தைப் பார்த்துப் போனது. ஆடுகளும் போயின. கிடா மட்டும் போகும்போது ஒரு பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனது.

கொட்டகை நின்றது. தொழில் பிழைத்தது. காயில்காரர் சுவரில் சாய்ந்து, உயிர் திரும்பி வரும்வரை காத்திருந்தார். வந்ததும் கோபமும் கூடவே வந்தது. மனைவி அதற்குள் தையல் மெஷினைத் தூக்கி வந்து ஜன்னலடியில் வைத்துவிட்டு, நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கடிதத்தை முதல்லயே பிரிச்சுப் படிச்சியா?"

"எந்தக் கடிதம்?"

"சரி, அதை விடு. பூரானுக்கு இரும்பு உசுருன்னியே, எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னியா?"

"கொட்டகையைக் காலி பண்ணுவீங்கன்னு நினைச்சேன். ஆடு கொண்டு வருவீங்கன்னு சத்தியமா நினைக்கலை. ஒரு நிமிஷம் எனக்கே கதிகலங்கிப் போச்சு."

"அந்தப் படிவம்! அது மோட்டார் கூட்டுக்குள்ள..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மனைவி துடைப்பதை நிறுத்தினாள். "மோட்டார் கூட்டுக்குள்ளயா? அலுவலகத்துல குடுத்ததா சொன்னீங்களே?"

"குடுத்தேன்."

"யார்கிட்ட?"

"அதிகாரிகிட்ட."

"டீ வாங்கிக் குடுத்தாரே, அவர்கிட்டயா?"

காயில்காரர் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தது, காற்று இருந்தது, நாற்காலி இருந்தது. இந்தப் பக்கம் சுவர் இருந்தது.

"அவர்கிட்டதான்" என்றார்.

"அப்ப ஒண்ணு விடாம நீங்களே எழுதினதுதானே எல்லாம்?"

"நானே எழுதினதுதான்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.

"நல்லா எழுதியிருந்தீங்க. அதுலயும் ஜன்னல் பக்கம் எனக்குன்னு எழுதினீங்க பாருங்க, அப்பவே உங்க மேல ஒரு தனிப் பிரியம் வந்துடுச்சு."